நம் பேஸ்மென்ட் அறையும் ஒரு டிரில்லிங் மெஷினின் கதையும்

"யார்கிட்டயாவது டிரில்லிங் மெஷின் இருக்கா? ஒரே ஒரு ஓட்டை போடணும்."

நம் வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் இரண்டு முறையாவது இந்தச் செய்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேட்பவர் ஒருவர். "இருக்கு சார், வந்து வாங்கிக்குங்க" என்பவர் இன்னொருவர். "அப்படியே 6 எம்எம் பிட்டும் கிடைக்குமா?" என்று இடையில் நுழைபவர் மூன்றாமவர். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்" என்பவர் நான்காமவர். அந்த நான்காமவர் பெரும்பாலும் என் மனைவி.

எங்கள் மாடியில் ஆறு வீடுகள். விசாரித்துப் பார்த்தேன். நான்கு வீடுகளில் டிரில்லிங் மெஷின் இருக்கிறது. உருப்படியான ஆறடி ஏணி ஒன்றுகூட இல்லை. பெஞ்ச் வைஸ் இல்லை. மல்டிமீட்டர் இல்லை. ரசமட்டம் என் வீட்டில் மட்டும் இருக்கிறது, அதுவும் ஃபோனில்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வரும் ஜெனரல் பாடி மீட்டிங்கில், பேஸ்மென்டில் லிஃப்டுக்குப் பின்னால் பில்டர் விட்டுப்போன டைல்ஸ் அடுக்கியிருக்கும் அறையை என்ன செய்வது என்று முடிவெடுக்கப் போகிறோம். கூரியர் பார்சல் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். வாடகைக்கு விட்டு மெயின்டனன்ஸைக் குறைக்கலாம் என்கிறார்கள் சிலர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்னப் பட்டறை ஆக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இது நடுநிலையான கட்டுரை அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சரி, என்னென்ன வாங்குவீங்க?" என்று செக்ரட்டரி கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் தேடப்போய், இந்தக் கருவிகள் எல்லாம் எப்படித் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குள் வந்தன என்ற கதையில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையிலேயே பட்டியலும் இருந்தது.

கராஜ் என்றாலே அமெரிக்கப் படங்களில் வரும் இடம்தான் நமக்கு ஞாபகம் வரும். காரை வெளியே நிறுத்திவிட்டு, சுவர் முழுக்கக் கருவி மாட்டி, நடுவில் ஒரு பெஞ்ச். அங்கே இதற்கு ஒரு பெருமையே உண்டு. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு வாடகை வீட்டின் கராஜில்தான் ஹ்யூலெட்டும் பேக்கர்டும் 1938-இல் வேலையைத் தொடங்கினார்கள். கையில் இருந்த மூலதனம் 538 டாலர். தகட்டில் அடித்த பெயின்டைக் காயவைக்க வீட்டு அடுப்படியின் ஓவனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு இருப்பது மஞ்சள் கோடு போட்ட ஒரு கார் பார்க்கிங். அதில் ஒரு சைக்கிளைக் கூடுதலாக நிறுத்தினாலே சர்க்குலர் வருகிறது.

ஆனால் இடம் இல்லாதவர்களின் பிரச்சினையும் பழையதுதான். ரான் ஹிக்மன் என்று ஒருவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர். லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவர். 1961-இல் வீட்டில் ஒரு அலமாரி செய்துகொண்டிருந்தபோது, பலகையை வைக்க பெஞ்ச் இல்லாமல் ஒரு நல்ல நாற்காலியின் மேல் வைத்து அறுத்தார். பலகையோடு சேர்த்து நாற்காலியையும் அறுத்துவிட்டார். (சாப்பாட்டு மேஜை மேல் துணி விரித்து வேலை செய்யும் நம் வீட்டு ஆண்களுக்கு இது புரியும்.) அந்த எரிச்சலில்தான் மடக்கி வைக்கக்கூடிய, மேற்பலகையே இரண்டாகப் பிரிந்து பிடிமானமாக மாறும் ஒரு பெஞ்சைச் செய்தார். பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சில டஜன்களுக்கு மேல் விற்காது என்றுகூட ஒரு பதில் வந்ததாம். தானே செய்து கண்காட்சிகளில் விற்றார். முன்பு மறுத்த பிளாக் அண்ட் டெக்கர் 1970-களின் தொடக்கத்தில் அதைத் தயாரிக்க முன்வந்தது. பிறகு கோடிக்கணக்கில் விற்ற அந்த 'ஒர்க்மேட்' இன்றும் கிடைக்கிறது.

ஆகவே என் பட்டியலில் முதல் பொருள் மெஷின் அல்ல, ஒரு பெஞ்சும் அதில் முடுக்கிய நாலு அங்குல வைஸும். பொருள் ஆடாமல் நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆக்ஸா பிளேடு போடும்போதுதான் நம்மவர்களுக்குத் தையல் விழுகிறது.

இனி டிரில்லிங் மெஷின்.

துளையிடுவது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்ற வித்தை. பலுசிஸ்தானின் மெஹர்கரில், ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழைய இடுகாட்டில், ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் சீரான துளைகள் இருந்ததை 2006-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தீக்கல் முனை வைத்த துரப்பணத்தால் போட்டவை அவை. மணி கோக்கத் துளையிட்ட கைகள்தான் பல்லுக்கும் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். அவ்வளவு தூரம் போவானேன், நம் நொய்யல் இங்கிருந்து இறங்கி ஓடும் வழியில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், படிகம், சூதுபவளம், பச்சைக்கல் மணிகளைப் பட்டை தீட்டித் துளையிட்ட தொழிற்கூடத்தையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். துளையிட்டு முடித்த மணிகளும் கிடைத்தன, பாதியில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. மயிரிழை மாதிரித் துளையை அவ்வளவு கடினமான கல்லில் கையால் போட்டவர்கள் நம் ஊர் ஆற்றங்கரைக்காரர்கள். வில்லில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தை நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஜன்னல் செய்ய வந்த ஆசாரி வைத்திருந்தார். அதற்கு ஞாயிற்றுக்கிழமை தடை தேவைப்பட்டிருக்காது.

மின்சாரம் வந்த பிறகும் துளையிடுவது உடனே வீட்டு வேலையாகிவிடவில்லை. 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அர்னாட், பிரெய்ன் என்ற இருவர் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி கையில் தூக்கும் கருவியைச் செய்தது. தூக்கலாம் என்பதுதான் விஷயம், சுலபமாக அல்ல. இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சால் அழுத்த வேண்டிய சாமான் அது. மெஷின் ஓடும்போது ஸ்விட்சை எட்டித்தான் அணைக்க வேண்டும்.

அதை மாற்றியது ஒரு துப்பாக்கி. அமெரிக்காவின் பால்டிமோரில் 1910-இல் கம்பெனி தொடங்கிய டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் இருவரும், கோல்ட் கைத்துப்பாக்கியின் பிடியைப் பார்த்து, 'இதே மாதிரி பிடியும் விசையும் டிரில்லுக்கும் வைத்தால் என்ன?' என்று யோசித்தார்கள். 1914-இல் விண்ணப்பித்து 1917-இல் காப்புரிமை கிடைத்தது. விரலை அழுத்தினால் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். இன்று நம் எல்லோர் வீட்டு மெஷினும் அதே உருவம்தான். பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் கை வழுக்கினால் தானே நிற்கும் மெஷினைத்தான் பழகாதவர் கையில் கொடுக்க முடியும்.

அப்போதும் அது தொழிற்சாலைக்காரர்களின் பொருளாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது போர்த்தளவாடத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களுமாக ஏராளமானோர் முதல்முறையாக இந்த மெஷினைப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் சிலர் அதை வீட்டு வேலைக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அந்தக் கம்பெனியே சொல்லும் கதை. திருட்டு என்று முகம் சுளிப்பதற்குப் பதிலாக, 'வீட்டிலும் இது வேண்டும்போலிருக்கிறதே' என்று கணக்குப் போட்டார்கள். போர் முடிந்ததும் 1946-இல் வீட்டு உபயோகத்துக்கென்றே கால் அங்குல டிரில்லை 16.95 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். பேட்டரியில் ஓடும் டிரில் 1961-இல் வந்தது. பத்து வருடத்தில், 1971-இல், அப்போலோ 15 பயணத்தில் நிலாவுக்கே பேட்டரி டிரில் போனது. மண் மாதிரி எடுக்கச் செருகிய குழாயை வெளியே இழுக்க முடியாமல் இரண்டு பேரும் போராடினார்கள். அடுத்த முறை உங்கள் பிட் சுவரில் மாட்டிக்கொண்டால் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மெஷினுக்குள் இருக்கும் மோட்டார் சின்னதாகி மலிவான பிறகுதான் பட்டறைகளும் சின்னதாகின. அதற்கு முன் ஒரு பெரிய எஞ்சின், கூரையை ஒட்டி ஒரு நீண்ட ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட். 1932-இல் பைக்காரா மின்சாரம் பாயத் தொடங்கியது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் கோவையிலேயே மோட்டார் செய்தார்கள். பிறகு ஒற்றை அறையில், ஒற்றை லேத்தோடு தொழில் நடத்துவது இந்த ஊரில் சாதாரணமாயிற்று. நமக்குப் பின்தெருவில் இன்றும் அப்படி இரண்டு அறைகள் இருக்கின்றன. கேட்டால் எந்த ஆணியையும் கடைந்து தருவார்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நான்கு வருடங்களுக்கு முன் பாத்ரூமில் டவல் ஸ்டாண்டு மாட்டப் போனேன். புது மெஷின், புது பிட். இரண்டாவது துளையில் சுவர் தண்ணீரைப் பீய்ச்சியது. கன்சீல்டு பைப்பில் நேராக இறக்கியிருந்தேன். வால்வு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கட்டை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நான் நிற்க, என் மகள் மாடிக்கு ஓடி பிளம்பரைக் கூப்பிட்டு வருவதற்குள், தண்ணீர் கீழ் வீட்டுப் படுக்கையறையின் ஃபால்ஸ் சீலிங்கில் இறங்கிவிட்டது. பணம் கொடுத்துச் சரிசெய்தேன். அந்தக் கீழ் வீட்டு அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே மெஷினைவிட முக்கியமாக அந்த அறையில் நான் மாட்ட விரும்புவது ஒரு தாள். நம் மூன்று வகை ஃபிளாட்டுகளிலும் பைப் எங்கே போகிறது, ஒயர் எங்கே போகிறது என்ற வரைபடம். பில்டர் கொடுத்த பிளான் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. அது கிடைக்கும்வரை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஸ்விட்ச் போர்டுக்கோ குழாய்க்கோ நேர் மேலேயும், நேர் கீழேயும், அதே உயரத்தில் பக்கவாட்டிலும் துளையிடாதீர்கள். பாத்ரூம் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டை போட்டாயிற்று. அதில் ஸ்க்ரூ நிற்க வேண்டுமே? பழைய வீடுகளில் உளியால் சதுரக் குழி வெட்டி, தேக்குக் கட்டை அடித்து, அதில் ஆணியை இறக்குவார்கள். பெரியவர்கள் இன்றும் "கட்டை வெச்சியா?" என்றுதான் கேட்பார்கள். இங்கிலாந்திலும் அதே கதிதான். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாரச் சாமான்கள் பொருத்த வேண்டும், ஆனால் சுவர் கெடக்கூடாது என்று நிபந்தனை. அந்த வேலையை எடுத்த ஜான் ஜோசப் ராலிங்ஸ், சின்ன வட்டத் துளை போட்டு, அதில் சணல் நாரை விலங்கின் ரத்தத்தால் ஒட்டிச் செய்த ஒரு குழலைச் செருகினார். ஸ்க்ரூ உள்ளே போகப்போக அது விரிந்து சுவரை இறுகப் பிடித்தது. 1911-இல் காப்புரிமை வாங்கினார். அவர் பேர்தான் 'ரால் பிளக்'. நம் ஹார்டுவேர் கடையில் "அண்ணா, பத்து ரால் பிளக்" என்று கேட்கும்போது, ஒரு லண்டன்காரரின் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சணல் போய் நைலான் வந்தது 1958-இல், ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் கையால். அவர் பேரில் ஆயிரத்து நூறுக்கும் மேல் காப்புரிமைகள் உண்டு.

சுவரைத் துளைக்கும் பிட்டின் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வில்லை ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது டங்ஸ்டன் கார்பைடு. அது சுவருக்காகக் கண்டுபிடித்ததே அல்ல. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையை இழுத்து நீட்ட வைர அச்சு வேண்டியிருந்தது. வைரம் விலை அதிகம் என்று ஜெர்மனியின் ஓஸ்ராம் பல்பு கம்பெனிக்காரர்கள் மாற்றுத் தேடினார்கள். 1923-இல் கார்ல் ஷ்ரோட்டர் இந்தக் கலவைக்கு வழி கண்டார். குரூப் கம்பெனி அதை 1926 முதல் 'விடியா' என்ற பேரில் விற்றது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம். நம் ஊர் லேத் பட்டறைகளில் 'விடியா டூல்' என்று சொல்வது இதைத்தான். சுவருக்கு இந்த நுனி உள்ள பிட், இரும்புக்கும் மரத்துக்கும் வேறு பிட். சுவர் பிட்டை மரத்தில் போட்டால் துளைக்காது, கருக்கும். பொது அறையில் இரண்டு மூன்று மெஷின் வேண்டாம். நல்ல ஹேமர் மெஷின் ஒன்றும், மழுங்காத பிட்டுகளும் போதும். நம் காங்கிரீட் தூணில் சாதாரண மெஷினை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அழுத்துவதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தம். தகுந்த மெஷின் என்றால் ஒரு நிமிட வேலை.

அடுத்தது ஸ்க்ரூ டிரைவர். 'இதில் என்ன வரலாறு' என்று தாண்டிப் போகாதீர்கள். உங்கள் வீட்டு மாடுலர் கிச்சன் கதவு தொங்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

ஒற்றைக் கோடு போட்ட தலைதான் ஆதியிலிருந்து இருந்தது. அதில் டிரைவர் வழுக்கிக் கையைக் கிழிக்கும். கனடாக்காரர் ராபர்ட்சன் தன் கையைக் கிழித்துக்கொண்ட பிறகு, 1908-இல் சதுரக் குழி வைத்த ஸ்க்ரூ செய்தார். வழுக்கவே வழுக்காது. ஃபோர்டு தன் கார்களுக்கு அதை வாங்கினார், பிறகு உரிமத்தில் தனக்கும் பிடி வேண்டும் என்றார். ராபர்ட்சன் மறுத்துவிட்டார். அதனால் அது பெரும்பாலும் கனடாவோடு நின்றது. நாம் 'ஸ்டார்' என்று சொல்லும் கூட்டல் குறித் தலை, அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் காரில் பயன்படுத்த, உலகம் முழுக்கப் பரவியது. ராபர்ட்சன் ஸ்க்ரூதான் மேல் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நானும் அந்தக் கட்சி.

ஸ்டாரிலும் அழுத்திச் சுற்றினால் டிரைவர் மேலேறித் துள்ளும். அதைச் சரிசெய்ய 1960-களில் வந்தது போசிடிரைவ். பார்க்க ஸ்டார் மாதிரியே இருக்கும், ஆனால் கூட்டல் குறிக்கு நடுவில் நாலு மெல்லிய கோடுகள் கூடுதலாக இருக்கும். கிச்சன் கதவின் கீல்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வகை ஸ்க்ரூதான். அதில் சாதாரண ஸ்டார் டிரைவரைப் போட்டு நாலு முறை சுற்றினால் தலை உருண்டுவிடும். பிறகு கதவு தொங்கும், சத்தம் போடும், கடைசியில் கார்பென்டர் வருவார். பி.இசட். 2 என்று எழுதிய டிரைவர் ஒன்று வாங்குங்கள். விலை ஒரு ஹோட்டல் காபியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

தலையைவிடப் பெரிய கதை மரையில் இருக்கிறது. புத்தி பேதலித்தவரை 'மரை கழண்டவன்' என்கிறோம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகமே மரை கழண்டுதான் கிடந்தது. ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய மரையை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து அளந்து, 1841-இல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மரையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்று வேறொன்றைச் சொன்னார். இந்த ஐந்து பாகை வித்தியாசம் இரண்டாம் உலகப் போரில் பெரும் இம்சையாயிற்று. ஒரே பக்கத்தில் நின்று போர் செய்த இரு நாடுகளின் போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. 1948-இல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரு பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டன.

நாம் மெட்ரிக்குக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. போல்ட்டெல்லாம் மி.மீ. தான். ஆனால் உங்கள் வாஷ்பேசின் குழாயைக் கழற்றிப் பாருங்கள், அதில் இருப்பது இன்னும் விட்வொர்த்தின் 55 பாகை மரை. 'அரை இஞ்ச்' குழாய் என்கிறோம், மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. தானே, இது என்ன கணக்கு? அந்தக் காலத்துத் தடித்த இரும்புப் பைப்பில் உள்விட்டம்தான் அரை இஞ்ச். பைப் மெலிந்துவிட்டது, பிளாஸ்டிக் ஆகிவிட்டது, பேர் மட்டும் நிற்கிறது. ஆகவே கடைக்கு டேப்பால் அளந்துகொண்டு போகாதீர்கள். பழைய குழாயையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஊருக்கொரு நட்டு என்றிருந்த காலத்தில் வேலைக்குப் போகிறவர் ஒரு மூட்டை ஸ்பேனர் சுமக்க வேண்டும். ஸ்வீடனின் என்ஷோப்பிங் ஊரில் பட்டறை வைத்திருந்த யோஹான் பீட்டர் யோஹான்சன் அந்த மூட்டை தாங்காமல், 1888-இல் பைப் ரிஞ்சும், 1892-இல் வாயை விரித்துச் சுருக்கும் ஸ்பேனரும் செய்தார். நாம் 'ஸ்க்ரூ ஸ்பேனர்' என்பது அதுதான். அதற்கு முன்பே இங்கிலாந்திலும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் இன்று கடையில் தொங்கும் வடிவம் அவருடையது. பத்து அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று, பைப் ரிஞ்ச் ஒன்று, கட்டிங் பிளேயர் ஒன்று. வீட்டு வேலைக்கு இவை போதும். ஸ்க்ரூ ஸ்பேனரை இழுக்கும்போது அசையும் தாடை நீங்கள் இழுக்கும் பக்கம் இருக்கட்டும். திருப்பிப் பிடித்து இழுத்தால் தாடை நெகிழும், நட்டும் உருளும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். அது ஆடத்தான் வேண்டும். உள்பக்கமாக அழுத்தி அளந்தாலும் வெளிப்பக்கமாகக் கொக்கி மாட்டி அளந்தாலும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாக வருவதற்காக வைத்த ஆட்டம் அது. ரசமட்டம் 1660-களில் பிரான்ஸின் தெவெனோ கண்டது. பேரில் ரசம் இருந்தாலும் உள்ளே இருப்பது சாராய வகை. மல்டிமீட்டரும் சுமை தாங்காதவர் செய்ததுதான். பிரிட்டிஷ் தபால் துறை எஞ்சினியர் டொனால்ட் மெக்கடி, டெலிபோன் லைன் பார்க்கப் போகும்போதெல்லாம் மூன்று நான்கு மீட்டர்களைத் தூக்கிக்கொண்டு அலைந்து சலித்து, 1923-இல் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தார். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் உடம்பு வழியாக மெல்லிய மின்சாரம் தரைக்குப் போனால்தான் அது ஒளிரும். ரப்பர் செருப்போடு மரநாற்காலி மேல் நின்றால் கரண்ட் இருந்தும் அது மங்கலாகவே தெரியலாம்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்பேன். கட்டிங் மெஷின், அதாவது வட்டத் தகடு சுழலும் கிரைண்டர். நல்ல கருவிதான், ஆனால் தீப்பொறி பத்தடிக்குப் பறக்கும். பெட்ரோல் வண்டிகள் நிற்கும் பேஸ்மென்டில் அதற்கு இடமில்லை. அறைக்குள் தீயணைப்பான் கட்டாயம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இப்படிப் பொதுவில் கருவி வைப்பது நம் மூளையில் உதித்ததும் அல்ல. அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979-இல் புத்தகம் மாதிரியே கருவிகளை இரவல் கொடுக்கத் தொடங்கியது. 30,000 டாலர் மானியமும் தற்காலிகமாக ஒரு டிரெய்லரும்தான் ஆரம்பம். இன்றும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990-களில் ஓய்வுபெற்ற ஆண்களுக்கென்று பொதுப் பட்டறைகள் தொடங்கினார்கள். அங்கே கருவியைவிடப் பேச்சுத்துணைக்காக வருகிறவர்கள் அதிகம் என்கிறார்கள். நம் கீழ் பெஞ்சில் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் நமக்கும் அது பயன்படும் என்றுதான் தோன்றுகிறது. அவர்களில் மூன்று பேர் ஒரு காலத்தில் மெஷின் ஷாப்பில் இருந்தவர்கள்.

கடைசியாக ஒரு டிரங்குப் பெட்டி. என் அப்பா மில்லில் ஃபிட்டர். அவர் போய்ப் பதினோரு வருடமாகிறது. பெட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் "இதை எடைக்குப் போட்டுடலாமே" என்று பேச்சு வரும். போடவும் மனசில்லை, பயன்படுத்தவும் தெரியவில்லை. அதில் இருக்கும் ஸ்பேனர்களில் 1/4 W, 3/8 W என்று பொறித்திருக்கும். சின்ன வயதில் அளந்து பார்த்துக் குழம்பியிருக்கிறேன். கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்துக்கும் மேல் இருந்தது. இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் விளங்கியது. W என்றால் விட்வொர்த். அந்த ஸ்பேனர்களில் எழுதியிருப்பது வாயின் அளவு அல்ல, போல்ட்டின் அளவு. இங்கிலாந்திலிருந்து வந்த பஞ்சாலை மெஷின்களுக்காக அப்பா வைத்திருந்தவை. 1/4 W ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. இன்றைய 8 மி.மீ. போல்ட்டின் நட்டு 13 மி.மீ. கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையை உருட்டிவிடும். போன வருடம் என் மகளின் சைக்கிளில் நானே உருட்டினேன்.

ஆனால் பெட்டியில் அரம் ஏழு இருக்கிறது, துருப்பிடிக்காமல், எண்ணெய்த் துணி சுற்றியபடி. சுத்தியல் இரண்டு. மூலைமட்டம் ஒன்று. நாலு அங்குல வைஸும் இருக்கிறது. அறை பட்டறையானால் எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிடுகிறேன். விட்வொர்த் ஸ்பேனர்களைச் சுவரில் மாட்டினால் போதும், யாரும் எடுக்க வேண்டாம்.

மீட்டிங்குக்கு முன் ஒரு உதவி. செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கருவி எது, இரவல் தரச் சம்மதமா, இல்லையா என்று ஃபிளாட் நம்பரோடு எழுதுங்கள். சம்மதமில்லை என்றாலும் எழுதுங்கள், எதை வாங்க வேண்டாம் என்று எங்களுக்குத் தெரியும். அறை கிடைத்தால், துளையிடும் நேரம் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை மட்டும், ஞாயிறு கிடையாது. இந்த வரியைச் சேர்க்கச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏணி யாரிடமாவது இருந்தால் அதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.